தண்ணீர் குடிக்காத வண்டி

பழவேற்காட்டில் ஜமால் முகம்மது என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். நோன்பு வண்டிக்காரர் என்று கேட்டுப் பாருங்கள், நேரே என் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். நான் இறால் வாங்கி மதராசுக்கு அனுப்புகிறவன். தொழிலில் எனக்குப் பெரிய பேர் ஒன்றும் கிடையாது. இருக்கிற பேர் வண்டியால் வந்தது.

வண்டி ஒரு போர்ஷே. ஐம்பத்தேழில் ஜெர்மனியில் செய்தது. மதராசுக்கு மெஷின் பூட்ட வந்த ஒரு ஜெர்மன்காரர் கப்பலில் கூடவே கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது கண் கலங்கி விட்டுவிட்டுப் போனது. எழுபத்துநாலில் என் கைக்கு வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், என் வீட்டுக்காரி அக்தர் பேகத்துக்கே இன்னும் முழுக் கதை தெரியாது. வெங்காயத்தோல் நிறம். இரண்டு பேர் சௌகரியமாக உட்காரலாம். மூன்றாவது ஆள் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு வரலாம். ஸ்டியரிங் இடது பக்கம். கூரை என் மார்பு உயரம்கூட இல்லை.

"இன்னாங்க இது, மேல யாரோ ஏறி உக்காந்துட்ட மாதிரி இருக்கு?" என்றாள் அக்தர் பேகம் முதல் நாள். இரண்டாம் நாளிலிருந்து அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்துவிட்டாள்.

நோன்பு வண்டி என்ற பேர் டீக்கடை கௌஸ் மைதீன் வைத்தது. இன்ஜினைக் காட்டு என்று கேட்பவர்களுக்கு நான் முன்மூடியைத் திறந்து காட்டுவேன். உள்ளே ஸ்டெப்னியும் பெட்ரோல் டாங்கும் இருக்கும். இன்ஜின் எங்கே என்று அவர்கள் முழிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். இன்ஜின் பின்னால். ரேடியேட்டர் என்ற சாமானே கிடையாது. ஒரு விசிறி காற்றை இழுத்து இன்ஜின் மேல் அடித்துக்கொண்டே இருக்கும், அந்தக் காற்றிலேயே அது ஆறிக்கொள்ளும். பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள் பக்கெட்டோடு ஓடி வருவார்கள்.

"தண்ணி காட்டலியா பாய்?"

"இது குடிக்காதுப்பா."

"ஒரு சொட்டு கூடவா?"

"ஒரு சொட்டு கூட."

இதைக் கேட்டுவிட்டுத்தான் கௌஸ் மைதீன் சொன்னான்: "நம்ம எல்லாம் வருசத்துக்கு ஒரு மாசம். இது பன்னண்டு மாசமும் நோன்பு புடிக்குது. மவுத்தானா நேரா சொர்க்கம்தான்."

அந்த வண்டியை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்ல வரவில்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருப்போம். எதிரே வருகிற எருமையின் முழங்கால் நம் கண்ணுக்கு நேராக இருக்கும். ரோட்டில் கிடக்கிற ஒரு கூழாங்கல்லைக்கூட ஸ்டியரிங் நம் உள்ளங்கையில் சொல்லிவிடும். காட்டூர் வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். பயந்து காலை எடுத்தவன் வாய்க்காலில் கிடப்பான், துணிந்து மிதித்தவன் வளைவைத் தாண்டிப் போவான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷமும் ஒரு வாய்க்காலும் ஆயிற்று. மே மாதத்தில் பொன்னேரி பஸ் வழியில் நின்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அதைத் தாண்டிப் போவேன் பாருங்கள், அப்போது எனக்கு வருகிற கர்வத்தை அல்லாதான் மன்னிக்க வேண்டும்.

ஒரே ஒரு குறை. கிலோமீட்டர் காட்டுகிற முள்ளுக்கு இருநூறு வரைக்கும் இடம் போட்டிருந்தார்கள். எங்கள் ரோட்டில் அது எழுபதைப் பார்த்ததே இரண்டு தடவைதான். ரோட்டில் நெல் காயும், மாட்டுவண்டி வரும், பள்ளம் வரும், பள்ளத்தில் வாத்து நிற்கும். நான்காம் கியரைப் போட்டிருக்கிறேன், ஆனால் அதில் காலை முழுக்க அழுத்தியதில்லை. ஒன்பது வருஷம் ஒரு வண்டியை வைத்துக்கொண்டு அதனால் முடிந்ததைப் பார்க்காமலே இருப்பது எனக்குப் பெரிய ஏக்கமாகிவிட்டது. ஒரே ஒரு தடவை, நான்காம் கியரில், கால் தரையைத் தொட மிதிக்க வேண்டும். இதற்கு மேல் நான் ஒன்றும் ஆசைப்படவில்லை.

வண்டியை வேறு யாரும் தொடக் கூடாது என்பது என் சட்டம். அந்தச் சட்டம் வந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடு. எழுபத்தாறு கோடையில் ஏரிக்கரையில் இருக்கிற தோணிரேவுக்கு இறால் எடுக்கப் போயிருந்தேன். கரையில் வண்டியை நிறுத்திவிட்டு எடை பார்த்துத் திரும்பினால், பின்மூடியின் காற்றுச் சல்லடை மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருக்கிறது. சாக்கின் மேல் ஏரித் தண்ணீர் சொட்டுகிறது. பக்கத்தில் குடத்தோடு தாமோதரன். வயதில் எனக்குச் சமமானவன், அந்த ஊரில் நல்ல வலைக்காரன், நடுவில் இரண்டு வருஷம் ஐஸ் வேன் ஓட்டிவிட்டு மறுபடி படகுக்கே வந்தவன்.

"கொதிக்குது பாய். பாவமா இருந்துது. எறாக் கூடைய மூடுற மாதிரி மூடிட்டேன்," என்றான்.

அந்தக் கரையில் எந்தப் பொருள் சூடேறினாலும் ஈரச் சாக்குத்தான் வைத்தியம். இறாலுக்கும் அதுதான், ஐஸ் பெட்டிக்கும் அதுதான், காய்ச்சல்காரன் படுத்திருக்கிற குடிசைக் கூரைக்கும் அதுதான். ஆனால் காற்றில் ஆறுகிற இன்ஜினுக்குச் சாக்கைப் போட்டு மூடுவது மூக்கைப் பொத்துவது மாதிரி. அதுவும் உப்புத் தண்ணீர். நான் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவன் பெண்சாதி இந்திராணி நிற்கிறாள், ஊரே நிற்கிறது, அறிவு கெட்ட முண்டம் என்றேன். அவன் சாக்கைப் பொறுக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஏழு வருஷம் எனக்கு இறால் கொடுத்தான், விலை பேசினான், என் வண்டி நின்ற பக்கம் மட்டும் திரும்பிப் பார்த்ததில்லை. செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு வாய் வரவில்லை.

எண்பத்துமூன்றில் வானம் பொய்த்தது. ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தைக் கடல் மண் போட்டு அடைத்துவிட்டது. உள்ளே இருந்த தண்ணீர் மாதத்துக்கு மாதம் பின்வாங்கி, மே மாதம் தோணிரேவுக்கு எதிரே மைல் கணக்கில் ஏரித் தரை வெளியே வந்துவிட்டது. உப்புப் பூத்து, வெள்ளையாக, ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை, வாத்து இல்லை. ஊரெல்லாம் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்தத் தரையைப் பார்த்து என்ன நினைத்தேன் என்று உங்களுக்கே தெரியும். எனக்கே என்னை நினைத்துக் கேவலமாக இருந்தது. இருந்தாலும் மூன்று நாள் கடப்பாரையோடு போய்த் தரையைக் குத்திக் குத்திப் பார்த்தேன். தூரத்தில் பழைய வலைக்கம்பம் ஒன்று நட்டபடி இருந்தது. அதை நோக்கி நேர்கோடு பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

நான்காம் நாள் விடியுமுன்னே செய்தி வந்தது. மறுநாள் எல்லா ஊர்க்காரர்களும் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தை வெட்டித் திறக்கப் போகிறார்கள். திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். எனக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அன்று பொழுது விடிய வண்டியோடு தோணிரேவுக் கரையில் நின்றேன். சும்மா இறங்கிவிட முடியாது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதற்குச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பேர். பாடு வந்தவன் விடியும்போது அந்த இடத்தில் இருக்க வேண்டும், பொழுது சாயும் வரை அது அவனுடைய இடம். அவனைக் கேட்காமல் அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. வராமல் போனால் முறை கழிந்துவிடும், மறுபடி எத்தனையோ நாள் காத்திருக்க வேண்டும். தண்ணீரே இல்லாவிட்டாலும் முறையை விடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அதனால் காய்ந்த தரையில், சாய்ந்து கிடந்த படகின் நிழலில், வலையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தேன். தாமோதரன்.

"இன்னிக்கு உன் பாடா?" என்றேன்.

"பாத்தா தெரியல? மீனு எப்டித் துள்ளுது பாரு," என்றான், வறண்ட தரையைக் காட்டி. "இருவத்திரண்டு நாளு காத்துனு இருந்து வந்துது. நாளைக்கு பூபதியோட மொற. அவனுக்குக் கடலே வருது. என் தலையெழுத்து."

எனக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்டேன். இதில் ஒரு தடவை வண்டி ஓட்டிக்கொள்ளட்டுமா? அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஏழு வருஷத்தில் முதல் தடவையாக என் வண்டியைப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான்.

"ஓட்டலாம். ஆனா கோலு என் கையில இருக்கணும்."

"கோலா?"

"பாடு யாருதோ அவன்தான் கோல் புடிச்சுப் படவ உடணும். அடுத்தவன் உட்டா பாடு கெட்டுது. இது உனக்குத் தெரியாததா பாய்? எத்தினி வருசமா கரைல நிக்கிற."

"இது படகா தாமோதரா?"

"ஏரியில ஓடப் போவுதுல்ல?"

கோபம் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஒன்பது வருஷ ஆசை. என் வண்டி. அதை இவன் ஓட்டுவதாம், நான் பக்கத்தில் உட்காருவதாம். பழைய கணக்கைத் தீர்க்கிறான் என்று நினைத்தேன். திரும்பிப் போய் வண்டியில் உட்கார்ந்தேன். கிளப்பவில்லை. தரையைப் பார்த்தேன், அது வெள்ளையாக வானம் வரைக்கும் கிடந்தது. நாளைக்கு இது இருக்காது. மடியில் வலையோடு அவன் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். இருபத்திரண்டு நாள் காத்திருந்தவனுக்கு அன்று கிடைத்தது அந்த முறை மட்டும்தான். அதையும் விட்டுக்கொடு என்றா நான் கேட்கிறேன்? கையில் சாவியோடு இறங்கி அவனிடம் நீட்டினேன்.

அவன் செருப்பைக் கழற்றிப் படகின் பக்கத்தில் வைத்தான். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் பிஸ்மில்லா சொல்லி வலது பக்கம் உட்கார்ந்தேன். ஒன்பது வருஷத்தில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. காலடியில் ஒன்றும் இல்லை, கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

முதல் தடவை வண்டி எகிறி நின்றுவிட்டது. "ஐஸ் வேன் இல்ல இது. கிளட்ச மெள்ள விடு," என்றேன். இரண்டாம் தடவை ஒழுங்காகக் கிளம்பியது.

"அந்தக் கம்பத்தப் பாத்து நேரா போ."

"அங்கயா? நீ ஓட்டியிருந்தா அங்கயா போயிருப்ப?" என்று சிரித்தான். "அது ஓடை. மேல காஞ்சிருக்கும், உள்ள கொழகொழன்னு ரெண்டாள் ஆழம் சேறு. வண்டியும் வராது, நீயும் வர மாட்ட."

என் கடப்பாரை அவ்வளவு தூரம் போகவே இல்லை. அவன் வண்டியை வடக்கே திருப்பினான். எனக்கு எல்லாம் ஒரே வெள்ளை. அவனுக்கு அதில் வழி தெரிந்தது. முப்பது வருஷம் கோலால் குத்திக் குத்திக் கண்ட தரை.

இரண்டாம் கியர். மூன்றாம் கியர். விசிறியின் சத்தம் பின்னால் மெலிதாக எழும்பியது. எழுபது. எனக்குத் தெரிந்த உலகம் அத்தோடு சரி. நான்காம் கியர் போட்டான். "மிதி," என்றேன். மிதித்தான். "இன்னும் மிதி, தரையத் தொடற வரைக்கும் மிதி." வெறுங்காலை அப்படியே அழுத்திவிட்டான்.

அந்த வண்டி ஒன்பது வருஷம் என்னிடம் பேசியதெல்லாம் முணுமுணுப்புத்தான் என்று அப்போது தெரிந்தது. சத்தம் மாறியது. நாலு சிலிண்டரும் ஒரே குரலாகிவிட்டன. தொண்ணூறு. நூற்றுப்பத்து. வண்டி தரையோடு தாழ்ந்து படிந்துகொண்டது, ஒரு நடுக்கம் இல்லை. தூரத்தில் எதுவும் இல்லாததால் ஓடுகிறோமா நிற்கிறோமா என்றே புரியவில்லை. நூற்றுமுப்பது. மிச்சமிருந்த தண்ணீரில் நின்ற பூநாரைகள் எழுந்தன. ஆயிரமோ ஐயாயிரமோ, வானத்தின் ஒரு பக்கமே சிவப்பானது. நான் ஓட்டியிருந்தால் கண் முள்ளில் இருந்திருக்கும், இதைப் பார்த்திருக்க மாட்டேன். சுப்ஹானல்லாஹ் என்று கத்தினேன். கத்தியது எனக்கே கேட்கவில்லை. தாமோதரன் வாயைத் திறந்து ஏதோ கூவினான், வலை இழுக்கும்போது போடுகிற கூவல். முள் நூற்று நாற்பத்தைந்தில் போய் நின்றது.

திடீரென்று அவன் காலை மெதுவாக எடுக்க ஆரம்பித்தான். எதிரே ஒன்றும் இல்லை.

"ஏன் எடுத்துட்ட?"

"இதோட என் பாடு முடிஞ்சுது. அந்தாண்ட வேற ஊருக்காரன்து."

ஒரு கல் இல்லை, குச்சி இல்லை. அந்த வேகத்திலும் அவனுக்கு எல்லை தெரிந்திருக்கிறது. வண்டி நின்றது. இன்ஜினை நிறுத்தினோம். காய்ந்த தரைக்கு மேலே எங்கள் மூச்சும், சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறுகிற சத்தமும் மட்டும் கேட்டன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாமோதரன் இறங்கிப் பின்பக்கம் போய்ச் சல்லடைக்கு மேலே உள்ளங்கையைக் காட்டினான்.

"இன்னாமா கொதிக்குது! மூடிடலாமா பாய்?"

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே சொன்னேன்: "அன்னிக்கு நான் பேசினது தப்பு தாமோதரா. ஊர் முன்னாடி பேசினது ரொம்பத் தப்பு."

"இத்த சொல்றதுக்கு ஏழு வருசம்," என்றான். பிறகு சாவியை நீட்டினான். "திரும்பறப்ப நீ ஓட்டு. என் பாடு, நான் சொல்றேன்."

அந்தச் சாவியை வாங்கக் கை எப்படித் துடித்தது என்று சொல்லி முடியாது. தூரத்தில் கரையில் ஒரு சிவப்புப் புடவை நின்றது. இந்திராணி கஞ்சித் தூக்கோடு வந்து, படகில் புருஷனைக் காணாமல் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பொழுது சாயலியே. இன்னும் உன் பாடுதான். அந்தம்மாவ ஏத்திக்க," என்று சாவியை அவன் பக்கமே தள்ளினேன்.

கரைக்குத் திரும்பியதும் நான் இறங்கிக்கொண்டேன். இந்திராணி தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். இருவரும் போனார்கள். நான் கஞ்சித் தூக்கோடு காய்ந்த ஏரியின் ஓரத்தில் தனியாக நின்றேன்.

வண்டி வைத்திருப்பவன் தன் வண்டி ஓடுவதைப் பார்ப்பதே இல்லை. நான் அன்று பார்த்தேன். வடக்கே போய்ப் புள்ளியாகி மறைந்தது. பிறகு வெகுதூரத்தில் வெள்ளைப் புழுதி ஒன்று எழுந்தது, சத்தமே இல்லாமல். அதன் முன்னால் வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு பொட்டு. அது பெருகி வந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது, முதலில் காலில், பிறகு காதில். என்னைத் தாண்டிப் போனபோது காற்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. கண்ணாடி வழியாக இந்திராணி வாய்விட்டுச் சிரிப்பது ஒரு நொடி தெரிந்தது. இவ்வளவு பெரிய சங்கதியையா நான் ஒன்பது வருஷம் வீட்டு வாசலில் கட்டிப் போட்டிருந்தேன் என்று நினைத்தேன். இது என்னுடையது என்று சொல்லவே அன்று எனக்கு வாய் கூசியது.

அவர்கள் நிறுத்தியபோது பெட்ரோல் முள் அடியைத் தொட்டிருந்தது. ஊர் போய்ச் சேரவே அது போதுமோ போதாதோ. என் முறை வரவில்லை. நாற்பதில் உருட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் நானும் மண்வெட்டி பிடித்தேன். முகத்துவாரம் திறந்தது. மூன்றாம் நாள் தோணிரேவுக் கரையில் நின்று பார்த்தபோது எங்கள் டயர்த் தடத்தின் மேல் முழங்கால் அளவு கடல் நின்றது. அதற்குள் ஊரில் பேச்சு பரவிவிட்டது. கௌஸ் மைதீன் கடையில் நான் இருநூறில் பறந்தேன் என்றார்கள். வண்டி தரையைவிட்டே ஒரு முழம் எழும்பியது என்று ஒருவன் சத்தியம் செய்தான். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் சோறு போடும்போது அக்தர் பேகம் கேட்டாள். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்புவதுதான் அவள் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"ஊரே பேசுது. எவ்ளோ வேகம் போனீங்க?"

"நூத்தி நாப்பத்தஞ்சு."

"ஆமா, ஆமா," என்று குழம்பை ஊற்றினாள்.

அப்படியே விட்டிருக்கலாம். என்னவோ முடியவில்லை.

"நான் ஓட்டல," என்றேன். "தாமோதரன்தான் ஓட்டினான். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப நெசமாவே நூத்தி நாப்பத்தஞ்சு போயிருக்கு," என்றாள்.